அகலக்கால்

கொல்லிமலையில் உள்ள கிளைப்பங்கு ஒன்றுக்குத் திருப்பலி நிறைவேற்றச் சென்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேருந்து நிற்குமிடத்திலிருந்து சிற்றாலயத்திற்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நாம் இரண்டு முறை தடுக்கினோம். மூன்றாம் முறை விழுந்தே விட்டோம். அந்தப் பாதை நமக்குப் புதிதன்று. ஏழு ஆண்டுகளாக ஏறி இறங்கிய பாதை. எங்கே கல் துருத்தி நிற்கும், எங்கே பலாமரத்தின் வேர் குறுக்கே ஓடும் என்பதை இருட்டிலும் நமது கால் அறியும். அன்று புதிதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது காலில் கிடந்த செருப்பு.

பழைய செருப்பு தோலால் ஆனது, ஒடுக்கமானது, ஆறு ஆண்டுகள் உழைத்து, இருமுறை அடிமாற்றம் பெற்றது. அதை விட்டு நீங்கியது நமது விருப்பத்தால் அன்று. நெடுநாளாய் நமக்குச் சர்க்கரை நோய் உண்டு. பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் மருத்துவர் நம்மைக் கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வைத்து அழுத்தப் போவதாகவும், தொடும்போதெல்லாம் "ஆம்" என்று சொல்ல வேண்டும் என்றும் கூறினார். நாம் காத்திருந்தோம். வெகுநேரம் ஆயிற்று. "எப்போது தொடங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டோம். "ஆறு இடங்களில் தொட்டு முடித்துவிட்டேன், ஃபாதர்" என்றார் அவர்.

அந்த மறுமொழி நம்மைத் துணுக்குறச் செய்தது. வலி வந்தால் நோய் என்று எண்ணியிருந்தோம்; வலி போனதே நோய் என்பது அன்றுதான் விளங்கிற்று. அவர் சொற்படி வாங்கிய புதிய செருப்பு, பழையதைவிட ஒரு விரல் அகலம். கட்டைவிரல் அகலத்திற்கு நீளம். மேலே மிருதுவான நுண்துளை ரப்பர், அடியில் கெட்டியான அடித்தோல். கடைக்காரர்கள் அதனை எம்.சி.ஆர். செருப்பு என்கிறார்கள். அணிந்த முதல் நாள் முதலே அது நமக்குச் சொந்தமாய்த் தோன்றவில்லை. படகில் ஏறி நிற்பவன்போல் நின்றோம்.

விழுந்த நம்மைத் தூக்கி நிறுத்திய உபதேசியார், முதியவர், மலையிலே பிறந்து மலையிலே வளர்ந்தவர், மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "சாமி, செருப்பு புதுசு, பாதை பழசு. ஆனா நீங்க நடக்கிறது புதுச் செருப்புலயும் இல்ல, பழைய பாதையிலயும் இல்ல. பழைய செருப்போட ஞாபகத்துல நடக்கிறீங்க."

இந்தச் சொற்களை நாம் இறங்கும்போதும் ஏறும்போதும் பல நாள் எண்ணிப் பார்த்தோம். வாழ்வில் நமக்கு அகலமான இடம் ஒன்று அளிக்கப்படுகிறது. அதில் நாம் தடுமாறுகிறோம். அப்போது பிழை யாருடையது? அளிக்கப்பட்ட பொருளினுடையதா, நடக்கும் பாதையினுடையதா, பழையதை மறக்க மாட்டாத நமது காலினுடையதா? தடுமாறியவுடன் பழையதற்குத் திரும்புவது விவேகமா, கோழைத்தனமா? இக்கேள்வி செருப்போடு முடிவதன்று என்பதால், வாசக அன்பர்களோடு சேர்ந்து சற்றே ஆராய விழைகிறோம்.

மலை தந்த மருத்துவர்

நமது காலில் கிடக்கும் இச்செருப்பின் கதையை விசாரித்தபோது, அது சுற்றிச் சுற்றி இதே மலையில் வந்து நின்றது.

1913ஆம் ஆண்டில் ஜெஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் மறைப்பணியாளராய்க் கொல்லிமலை ஏறினர். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு பேருந்துச் சாலை உண்டு. அன்று நடையும் டோலியுமே வழி. மலைக் காய்ச்சலும் நரம்புச்சிலந்தியும் மக்களை வாட்டிய காலம். மருத்துவம், பள்ளி, வேளாண்மை என்று உழைத்த ஜெஸி 1929இல் காய்ச்சலால் இம்மலையிலேயே இறந்தார். எவலின் அம்மையார் சபையின் பணி ஓய்வுக்குப் பின்னரும் மலைகளுக்கே திரும்பி, முதுமையிலும் குதிரை மீதேறி ஊர் ஊராய்ச் சென்று, 1974இல் தமது தொண்ணூற்றைந்தாம் வயதில் கண்மூடினார். அவர்கள் நமது திருஅவையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் பிற சபைகளில் விளங்கும் கிறிஸ்துவின் அருள்வளங்களை மகிழ்வோடு ஏற்றுப் போற்றுமாறு இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1964இல் நமக்குக் கற்பித்திருக்கிறது. அவ்வாறே போற்றுகிறோம்.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914 ஜூலையில் பிறந்தார். ஒன்பது வயது வரை வெறுங்காலோடு இம்மலையில் ஓடியாடிய சிறுவன், 1923இல் படிப்பிற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். தச்சும் கொத்தும் கற்று, பின்னர் மருத்துவம் கற்று, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராய் வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிய விரல்களைக் கண்டது அவருடைய வாழ்வைத் திருப்பிற்று.

தொழுநோயாளரின் சதை தானே அழுகி உதிர்கிறது என்றே உலகம் அந்நாளில் நம்பியது. பிராண்டும் அவருடன் உழைத்தோரும் கண்டது வேறு. நோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது; உணர்ச்சி போகிறது; உணர்ச்சி போனவன் சுடுபாத்திரத்தைப் பிடிக்கிறான், முள்ளின் மீது நடக்கிறான், கொப்புளத்தின் மீதே நாளெல்லாம் நடக்கிறான். புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் வலியில்லாமையே. நலமான மனிதன் நெடுந்தொலைவு நடந்தால், தானறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறான். ஓரிடம் நொந்தால் பாரத்தை வேறிடத்திற்கு மாற்றுகிறான். உணர்ச்சியற்ற கால் அவ்வாறு மாற்றுவதில்லை. அது முதல் அடியைப் போலவே கடைசி அடியையும் வைக்கிறது. புண்ணாகும் வரை வைக்கிறது.

ஆதலால் வேலூரிலும் காரிகிரியிலும் அவர்கள் காலணிகளை ஆராய்ந்தனர். பலவகைப் பொருள்களைச் சோதித்த பின் நுண்துளை ரப்பர் பயன்பாட்டுக்கு வந்தது. அது பாதத்தின் பாரத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புகிறது. அங்கே அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் ஒன்று நமது சிந்தனைக்கு உரியது. உணர்ச்சி குன்றிய கால் உடையவர்கள், தம் விருப்பத்திற்கு விட்டால், இறுக்கமான காலணியையே தேர்ந்தெடுக்க முற்படுவார்கள். காரணம் எளியது. சரியான அளவுள்ள காலணி அவர்களுக்கு அணிந்ததாகவே தெரிவதில்லை. நெருக்கினால்தான் தெரிகிறது. காயப்படுத்துவதையே பொருத்தம் என்று உணர்கிறார்கள்.

இதை அறிந்தபோது நமது பழைய செருப்பை எடுத்துப் பார்த்தோம். நமக்கு அது "கச்சிதமாய்" இருந்ததன் இரகசியம் விளங்கிற்று.

மலையில் வளர்ந்த ஒருவர் மலையை விட்டு இறங்கி, யாரும் தொட அஞ்சியோரின் கால்களுக்காகச் சிந்தித்தார்; அச்சிந்தனையின் பயன் நோயின் எல்லையைக் கடந்து சர்க்கரை நோயாளருக்கும் வந்தது; ஒரு குருவின் காலோடு அதே மலைக்குத் திரும்பியும் வந்தது. இறைவனின் பராமரிப்பு இவ்வாறும் நடக்கிறது.

பழக்கம் என்னும் பாரம்

பாரத்தைப் பரப்புவதே அகலத்தின் பயன் என்றோம். இவ்விதி உலகெங்கும் ஒன்றே. பனி உறைந்த நாடுகளிலும் நமது காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் மக்கள் காலில் பலகை கட்டிப் பனிமீது சறுக்குகிறார்கள். ஸ்கீபோர்டு என்று ஒருவகைக் குட்டைப் பலகை உண்டு. ஒரு மீட்டருக்கும் குறைவான நீளம். அது விரைவாய்த் திரும்பும். கால் நினைத்த மாத்திரத்தில் வளையும். அதில் பழகியவர் அகலமும் நீளமும் மிகுந்த பலகைக்கு மாறினால் நன்மைகள் உண்டு. இளகிய பனியில் அமிழாது மிதக்கலாம். வேகத்திலும் நிலைகுலையாது செல்லலாம். ஆனால் பழைய பலகைக்குப் போதுமாயிருந்த சிறு அசைவு இதற்குப் போதாது. திருப்பத்தை முன்னதாகவே தொடங்க வேண்டும். உடலைச் சாய்த்து, பலகை வளைந்து வரும் வரை காத்திருக்க வேண்டும். பொறுக்கமாட்டாதவர் பலகையைக் குறை கூறுவார்.

நமது மலைச்சாலையில் வண்டி ஓட்டுவோரும் இதனை அறிவர். சிறிய வேனில் பழகிய ஓட்டுநர் நீண்ட பேருந்துக்கு மாறும்போது, கொண்டை ஊசி வளைவில் பழைய இடத்திலேயே சக்கரத்தை ஒடித்தால், பின்சக்கரம் உட்புறமாய் ஒதுங்கிச் சாலை விளிம்பில் இறங்கிவிடும். வெளிப்பக்கமாய் அகன்று சென்று பிறகே திருப்ப வேண்டும். கையின் ஞாபகத்தைக் கண் திருத்த வேண்டும்.

புனித தோமா அக்குவினார் தமது இறையியல் தொகுப்பில் "ஹாபித்துஸ்" என்பது பற்றி விரிவாக ஆராய்கிறார். பழக்கம் என்று நாம் மொழிபெயர்க்கிறோம். ஆனால் அவர் கருதியது வெறும் வழக்கத்தினும் ஆழமானது. ஒன்றை எளிதாகவும் இன்பமாகவும் செய்யும்படி மனிதனுக்குள் ஊன்றிவிட்ட, எளிதில் அசைக்க இயலாத தகுதி அது. அவருக்கு ஆசானான அரிஸ்டாட்டில், கட்டியே கட்டடக்காரன் ஆகிறான் என்றும், நீதியானவற்றைச் செய்தே நீதிமான் ஆகிறான் என்றும் கற்பித்தார். நற்பண்புகள் யாவும் இவ்வகையில் பழக்கங்களே. எனவே பழக்கத்தை இழிவாய்ப் பேசுவது தவறு. பழக்கம் இல்லாவிடில் ஒவ்வொரு நாளும் நடக்கப் புதிதாய்க் கற்கும் குழந்தைகளாவோம்.

ஆனால் இதே வலிமை மறுபுறமும் வெட்டும். புனித அகுஸ்தீனார் தமது மனமாற்றத்தை விவரிக்கையில், தம்மைக் கட்டியிருந்தது பிறர் இட்ட இரும்பு அன்று, தமது விருப்பமே சங்கிலியாகி இறுகியது என்று ஒப்புக்கொள்கிறார். விருப்பம் வழக்கமாகிறது, எதிர்க்கப்படாத வழக்கம் தேவையாகிறது. பழைய செருப்பு நம்மைக் கட்டிவைக்கவில்லை. நாமே அதன் வடிவமாகிவிட்டோம். அதை இழந்தபோது செருப்பை மட்டும் இழக்கவில்லை. எண்ணாமல் நடக்கும் ஆற்றலையும் இழந்தோம். புதியதை ஏற்பவர் அடையும் துயரம் பெரும்பாலும் இதுவே. அவர் சோம்பேறியும் அல்லர், பிடிவாதக்காரரும் அல்லர். நேற்று வரை தேர்ந்தவராய் இருந்தவர் இன்று தொடக்கநிலை மாணவர் ஆகிறார். ஐம்பது வயதிற்குமேல் அது எளிதன்று.

எகிப்தை விட்டு வெளியேறிய இஸ்ரயேலர் பாலைவனத்தில் வெள்ளரிக்காயையும் பூண்டையும் வெங்காயத்தையும் எண்ணி அழுத செய்தியை எண்ணிக்கை நூல் கூறுகிறது. எபிரேய மொழியில் எகிப்தின் பெயர், நெருக்கம் என்னும் பொருள்தரும் சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பதை யூத மறைவல்லுநர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு. நெருக்கத்திலிருந்து விடுபட்டவர்கள் நெருக்கத்திற்காக அழுதார்கள். நாம் அவர்களை ஏளனம் செய்ய வேண்டா. அடிமைத்தனத்தில் அடுத்த அடி எங்கே என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு வாள்கள்

அப்படியாயின் புதிய அகலம் அனைத்தையும் ஏற்றே தீர வேண்டுமா? தடுமாற்றம் அனைத்தும் நமது குறையேயா? அவ்வாறு சொல்லுவோமாயின் உண்மைக்கு மாறாவோம்.

கொல்லிமலையே இதற்குச் சான்று. தினையும் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியது. சமவெளியின் சேகோ ஆலைகள் வாங்கிக்கொண்டன. கையில் பணம் புழங்கிற்று. அது மக்களுக்கு அகலமாகவே தோன்றியது. அதனைக் குறைகூற வயிறு நிறைந்த நமக்கு உரிமையில்லை. ஆனால் தட்டில் உணவின் வகை சுருங்கியது. விதைகள் சில வீடுகளில் மட்டும் எஞ்சின. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலைமக்களோடு சேர்ந்து பழைய விதைகளைக் காக்கவும், உரலில் இடித்துக் கைசோர்ந்த பெண்களுக்காகச் சிறு அரவை இயந்திரங்களை அமைக்கவும் முயன்றது. பழைய தானியம், புதிய இயந்திரம்: எதை விடுவது, எதைக் கொள்வது என்பதைப் பகுத்தறிய வேண்டியிருந்தது.

விவிலியத்தில் இளைஞன் தாவீது இதற்கு நல்ல ஆசான். கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்டவனுக்குச் சவுல் அரசர் தமது உடையையும் வெண்கலத் தலைச்சீராவையும் மார்புக்கவசத்தையும் அணிவித்தார். தாவீது நடந்து பார்த்தான், இயலவில்லை. பழக்கமில்லை என்று சொல்லிக் களைந்துவிட்டு, கவணையும் ஐந்து கூழாங்கற்களையும் எடுத்துக்கொண்டான். மறையுரைகளில் நாம் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். சில அதிகாரங்கள் தாண்டிப் படித்தால், ஓடி ஒளியும் தாவீது நோபு ஊரில் குரு அகிமெலக்கிடம் வாள் உண்டா என்று கேட்கிறான். அங்கிருந்தது கோலியாத்தின் வாள் ஒன்றே. அதற்கு நிகரானது வேறில்லை என்று சொல்லி அதனைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

சவுலின் வாளை வேண்டாம் என்றவன் அதனினும் பெரிதான வாளை ஏன் ஏற்றான்? காலம் கடந்திருந்தது, இடையர் கை போர்வீரர் கையாக வளர்ந்திருந்தது. மேலும் சவுலின் கவசம் சவுலுக்கு அளவெடுத்தது. சவுல் தம்மைப்போல் தாவீதை ஆக்க விரும்பினார். கோலியாத்தின் வாளோ தாவீது கடந்துவந்த வரலாற்றின் பகுதி. ஆதலின் மறுத்ததும் சரி, ஏற்றதும் சரி. இரண்டிலும் அவன் ஒன்றைச் செய்தான்: கவசத்தை அணிந்து நடந்து பார்க்காமல் மறுக்கவில்லை, வாளின் தன்மையை அறியாமல் ஏற்கவில்லை.

இதிலிருந்து மூன்று அளவுகோல்களை நாம் பெறலாம் என எண்ணுகிறோம். முதலாவது, அளவு யாருடையது என்று கேட்பது. புதியது நமது காலுக்காக அளவெடுக்கப்பட்டதா, கொடுப்பவரின் பெருமைக்காகவா? இரண்டாவது, காலம் கொடுப்பது. ஆன்ம வறட்சி நேரும்போது முன்பு செய்த தீர்மானத்தை மாற்றலாகாது என்று புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளில் விதித்தார். விழுந்த நாளிலேயே செருப்பைக் கழற்றி எறியாதிருத்தல் அவ்விதியின் எளிய வடிவம். மூன்றாவது, சுகத்தைக் கேளாமல் பாதத்தைப் பார்ப்பது. உணர்வு பொய் சொல்லக்கூடும். இறுக்கத்தைப் பொருத்தம் என்று அது நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் மாலையில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் சிவந்த இடம் பொய் சொல்லாது. புதியது வந்தபின் புண் ஆறுகிறதா, புதுப்புண் வருகிறதா?

இடுக்கமான வாயில்

இங்கே அன்பர் ஒருவர் குறுக்கிடலாம். "அகலக்கால் வைக்காதே என்பது நமது முன்னோர் வழக்கு. அழிவுக்குச் செல்லும் வழி அகன்றது என்றும், வாழ்வுக்குச் செல்லும் வாயில் இடுக்கமானது என்றும் ஆண்டவரே எச்சரித்தார். குருவாகிய நீர் அகலத்திற்குப் பரிந்து பேசலாமா?"

தக்க கேள்வியே. ஆனால் முன்னோர் கண்டித்தது தன் ஆற்றலுக்கு மீறி எட்டி வைக்கும் அடியை. நின்றுகொள்ளும் அடித்தளத்தை அன்று. ஆண்டவர் இடுக்கம் என்றது வழியை, காலணியை அன்று. இடுக்கமான வழியில் செல்பவனுக்கே உறுதியாக ஊன்றிய பாதம் தேவை. மலைப்பாதை குறுகியது என்பதற்காகப் பாதத்தையும் குறுக்கிக்கொள்பவன் விழுவான். மேலும், நீர் என்னை நெருக்கத்தில் விடாமல் என் கால்களை அகன்ற இடத்தில் நிற்கச் செய்தீர் என்னும் கருத்தில் திருப்பாடல் ஆசிரியர் இறைவனைப் புகழ்கிறார். அகன்ற இடத்தில் நிறுத்துபவரும் இடுக்கமான வழியில் அழைப்பவரும் ஒரே ஆண்டவர்தாம்.

பரிசேயரிடம் அவர் கண்டித்த இடுக்கம் வேறு வகையினது. அது வாழ்வுக்குரிய வாயிலின் இடுக்கம் அன்று. மனிதர் தோளில் ஏற்றிய சுமையின் இடுக்கம். அதைச் சுமந்தோருக்கும் சுமத்தியோருக்கும் அது பக்தியாகவே தோன்றிற்று, ஏனெனில் நெருக்கியது. உணர்வு மரத்துப்போன சமயத்திற்கு, காயம் ஒன்றே சமயம் இருப்பதற்கான அடையாளம் ஆகிவிடுகிறது. இது பரிசேயரோடு முடிந்துவிட்ட நோய் என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது.

குணமான கையின் குறை

பிராண்ட் மருத்துவரின் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. மடங்கிய விரல்களை நிமிர்த்த அவர் 1948 முதல் தசைநாண்களை இடம்மாற்றும் அறுவையைச் செய்தார். மணிக்கட்டை அசைத்துவந்த நல்ல தசை ஒன்றின் விசை விரல்களுக்குத் திருப்பிவிடப்படும். கட்டு அவிழ்த்த பின் நோயாளி மீண்டும் கற்க வேண்டும்: மணிக்கட்டை நினைத்தால் விரல் அசைகிறது! மூளை பழைய கையை நினைத்துக்கொண்டே இருக்கும். பயிற்சி தருவோர் வாரக்கணக்கில் அருகிருந்து அதனைத் திருத்த வேண்டும்.

இவ்வாறு கை சீரடைந்து வெளியே சென்றவர்களுள் சிலர் திரும்பி வந்து முறையிட்டனர். கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிச்சை எடுக்க உதவவில்லை. மடங்கிய விரல்களைக் கண்டு இரங்கிக் காசிட்டவர்கள் நிமிர்ந்த விரல்களுக்கு இடவில்லை. நோயின் வடு இருந்ததால் வேலை தருவாருமில்லை. குணமாக்கியதாலேயே அவர்களை நிராதரவாக்கியிருந்தார் மருத்துவர். அவர் அறுவையை நிறுத்தவில்லை; பழைய கையையே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. வேலூரில் நவஜீவ நிலையம் எழுந்தது. நிமிர்ந்த கைக்குத் தொழில் கற்பிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியே நமது கேள்விக்கு நாம் தேடிய விடையின் மறுபாதியைத் தந்தது. இதுகாறும் தடுமாறுபவனின் கடமையைப் பற்றியே பேசினோம். அகலத்தை அளிப்பவனுக்கும் கடமை உண்டு. விசாலத்தைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது பாதிக் கொடை. பெற்றவர் தடுமாறும் காலம் முழுவதும் அருகில் நடப்பது மறுபாதி.

இங்கே நமது குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தொடங்கிவைத்த கூட்டொருங்கியக்க மாமன்றப் பயணத்தால் ஊக்கம் பெற்று, பங்குத்திருவிழாவின் வரவு செலவையும் ஏற்பாட்டையும் பங்குப்பேரவையின் கையிலேயே முற்றிலும் ஒப்படைத்தோம். அதுவரை அனைத்தையும் நாமே முடிவு செய்து வந்தோம். முதல் ஆண்டு பேரவை தடுமாறியது. யாரும் கையாடவில்லை, ஆனால் கணக்குகள் குழம்பின, இரு தெருக்களிடையே மனவருத்தம் வந்தது, கடன் நின்றது. நாம் என்ன செய்தோம்? "இதற்குத்தான் சொன்னேன்" என்ற முகத்தோடு அடுத்த ஆண்டே பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். மக்கள் எதிர்க்கவில்லை. பலர் நிம்மதி அடைந்தனர். அந்த நிம்மதியை நாம் நமது முடிவுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டோம்.

இப்போது தோன்றுகிறது: அது இறுக்கமான காலணியைத் திரும்ப அணிந்தவரின் நிம்மதி. நாம் அவர்களுக்கு அகன்ற செருப்பைக் கொடுத்தோம், ஒரு திருவிழா தூரம் கூட உடன் நடக்கவில்லை, விழுந்ததும் பறித்துக்கொண்டோம். பல்லாண்டுகளாய் நாமே முடிவு செய்து, முடிவெடுக்கும் தசையை அவர்களிடம் தளரவிட்டிருந்தோம். பின்பு அது உடனே அசையவில்லை என்று குற்றம் சாட்டினோம். பழக்கங்கள் செயல் நின்றால் தேயும் என்று அக்குவினாரை நாம் குருமடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். தேய்த்தவரே தேய்ந்ததற்காகச் சினந்தது எவ்வகை நீதி? அன்று வலிக்கவில்லை. நைலான் இழை தொட்டதும் தெரியவில்லை.

இவ்வாண்டு மீண்டும் பேரவையைக் கூட்டி இதனை வெளிப்படையாகச் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முதிய பெண்மணி ஒருவர், "சரிங்க சாமி, இந்தத் தடவை கணக்குப் புத்தகத்தை வாராவாரம் நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்க, ஆனா பேனா எங்க கையில இருக்கட்டும்" என்றார். இதனினும் தெளிவாக அருகில் நடத்தலை எந்த ஏட்டிலும் நாம் படித்ததில்லை.

உணர்ச்சி குன்றியவர்களுக்குக் காரிகிரியிலும் பிறவிடங்களிலும் கற்பிக்கப்படும் எளிய ஒழுங்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு மாலையும் பாதங்களைக் கழுவி, வெளிச்சத்தில் திருப்பி, விரலிடுக்குகள் உட்படப் பார்க்க வேண்டும். வலி சொல்லாததைக் கண் சொல்லும். நமக்கும் இப்போது அது நாள்தோறும் உண்டு. உறங்குமுன் குருக்கள் செய்யும் ஆன்ம சோதனையும் இதுவே என்பது ஐம்பது வயதுக்குப் பின்னரே நமக்கு விளங்கியது. இன்று யாரை நெருக்கினோம்? எங்கே சிவந்திருக்கிறது? எது நமக்குப் பொருத்தம் என்று தோன்றியது, எதனால் அவ்வாறு தோன்றியது? இரண்டு சோதனைகளையும் இப்போது ஒரே முக்காலியில் அமர்ந்து செய்கிறோம். ஒன்று மற்றொன்றை நினைவூட்டுகிறது.

பாதங்களைப் பார்க்கும்போது, பெரிய வியாழனன்று நாம் கழுவும் பன்னிருவரின் பாதங்களும் நினைவுக்கு வருகின்றன. வெடித்தவை, காய்ப்பேறியவை, மண் படிந்தவை. ஆண்டவர் தம் சீடரை விசாலமான ஒரு பணிக்கு அனுப்புமுன் அவர்களுடைய கால்களைக் கையிலெடுத்துப் பார்த்தார். விழப்போகும் பேதுருவின் கால்களையும் பார்த்தார். விழுந்தபின் அவனிடமிருந்து பணியைப் பறிக்கவில்லை. ஏரிக்கரையில் காலை உணவு அளித்து, அன்பு செய்கிறாயா என்று மும்முறை கேட்டு, ஆடுகளை மீண்டும் ஒப்படைத்தார்.

புதிய செருப்பு இப்போது ஐந்து மாதம் பழகிவிட்டது. இறக்கத்தில் அடியைச் சற்று முன்னதாகவே தூக்க வேண்டும். கல்லைத் தொடும்வரை காத்து, பிறகே பாரத்தை இறக்க வேண்டும். எண்ணி எண்ணிச் செய்தது எண்ணாமலே நடக்கத் தொடங்கியிருக்கிறது. கட்டைவிரலடியில் இருந்த பழைய சிவப்பு மறைந்துவிட்டது. உபதேசியார் இன்னும் நமக்கு ஓரடி முன்னால்தான் இறங்குகிறார். கையை நீட்டுவதில்லை, ஆனால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அவரிடமிருந்தும் கற்றுக்கொள்ள முயல்கிறோம். பங்குத்திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் பிழைகள் உண்டு; பேனா அவர்கள் கையில் இருக்கிறது.